498 மைக்ரானுக்கு இரண்டு பதில்: தங்கையின் லாசிக் பற்றிக் கேட்டவருக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 23 வயது. வலது கண் மைனஸ் 6.25, அதோடு சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுகிற பவர்) மைனஸ் 1.25. இடதும் ஏறக்குறைய அதேதான். வரன் பார்க்க ஆரம்பித்திருப்பதால் "சோடாபுட்டி"யைக் கழற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. ஒரு மருத்துவமனையில் லாசிக், அதாவது லேசரால் பவரைத் திருத்தும் சிகிச்சை, தாராளமாகச் செய்யலாம் என்றார்கள். இன்னொன்றில் கார்னியா மெலிசு, வேண்டாம் என்றார்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் கார்னியாவின் தடிமன் 498 மைக்ரான் என்றே இருக்கிறது. "இதில் யார் எங்களை ஏமாற்றுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாருமே ஏமாற்றாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. லேசர் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளைச் செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஒரே எண்ணுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு பதில் சொல்வதை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பேன். கணக்கைப் பிரித்துப் போட்டால் ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கார்னியா என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி. பேச்சில் கருவிழி என்கிறோம், ஆனால் அதற்குக் கருப்பும் கிடையாது, வேறு நிறமும் கிடையாது. பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற வண்ண வளையத்தின் நிறம்தான் அதன் வழியாகத் தெரிகிறது. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான் இருக்கும். உங்கள் தங்கையின் கார்னியா அப்படி ஐந்து தாள் அடுக்கின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாசிக்கில் முதலில் மேலே ஒரு மூடியை வெட்டித் திறக்கிறார்கள். ஃப்ளாப் என்பது அதுதான். சுமார் 110 மைக்ரான், அதாவது மேல்தாள் ஒன்று. சிகிச்சை முடிந்ததும் அதைத் திரும்ப மூடிவிடுவார்கள், ஒட்டியும் கொள்ளும். ஆனால் பழைய பலம் அதற்குத் திரும்புவதில்லை. ஆகவே கணக்கில் அதை ஒரு செலவாகத்தான் எழுத வேண்டும். அடுத்து, அடியில் இருக்கும் திசுவை எக்சைமர் லேசர் செதுக்கும். எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி மூன்றால் வகுத்தால், ஒரு பவருக்கு எத்தனை மைக்ரான் போகும் என்று வரும். 6.5 மில்லிமீட்டர் வட்டம் என்றால் ஒரு பவருக்கு 14. உங்கள் தங்கைக்கு 6.25-ஓடு சிலிண்டர் 1.25-ஐயும் சேர்த்து 7.5 பவர் எடுக்க வேண்டும். 105 மைக்ரான் போகும்.

498-இல் 110 போக, 105 போக, மிச்சம் 283.

தகராறு இந்த 283-இல்தான். ஃப்ளாப்புக்குக் கீழே குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. அந்த விதிப்படி 283 பாஸ். இன்று நிறைய டாக்டர்கள் 300 இல்லாமல் தொடமாட்டேன் என்கிறார்கள். அவர்கள் இன்னொரு கணக்கும் போடுவார்கள்: ஃப்ளாப்பும் செதுக்கியதும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. உங்கள் தங்கைக்கு 498-இல் 215, அதாவது 43 சதவீதம். ஃபெயில். "செய்யலாம்" என்றவர் பழைய விதியைப் பிடித்திருக்கலாம். இல்லாவிட்டால் வட்டத்தை 6 மில்லிமீட்டராகச் சுருக்கியிருக்கலாம். அப்போது ஒரு பவருக்கு 12 மைக்ரான்தான் போகும், மிச்சம் 298 என்று பார்க்க அழகாக வரும். ஆனால் இருட்டில் கண்ணின் பாப்பா அந்த வட்டத்தைவிடப் பெரிதாக விரிகிறதாக இருந்தால், எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரிய ஆரம்பிக்கும். திசுவில் மிச்சம் பிடித்ததை ராத்திரிப் பார்வையில் செலவழிக்கிற கதை.

அளவுக்கு மீறி மெலிந்தால் என்ன ஆகும்? கண்ணுக்குள் எப்போதும் ஒரு அழுத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. மெலிந்த கார்னியா அதைத் தாங்காமல் மெல்ல மெல்ல முன்னால் புடைக்கும். எக்டேசியா என்பார்கள். அபூர்வம்தான். ஆனால் ஆபரேஷன் ஆன மறுநாள் தெரியாது. மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து, "பவர் மறுபடி ஏறுது" என்று வந்து நிற்பார்கள். அப்போது கண்ணாடி போட்டாலும் தெளிவு கிடைக்காது. கார்னியாவை இறுக்க கிராஸ்லிங்க்கிங், பார்வைக்கு ஹார்டு காண்டாக்ட் லென்ஸ், முற்றிவிட்டால் கார்னியா மாற்று சிகிச்சை. ஆரம்பத்தில் இருந்த மைனஸ் 6, கண்ணாடி போட்டால் கடைசி வரி வரை படிக்க விட்ட பவர். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவரக் கூடாது. என்னைக் கேட்டால் "வேண்டாம்" என்ற இடத்தின் பக்கம்தான் சாய்வேன். அவர்கள் வேண்டாம் என்றது இந்தக் கண்ணுக்கு லாசிக்கை மட்டுமாக இருக்கலாம். அதைக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டீர்களா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "தடிமன் பத்தலையா, வடிவம் சரியில்லையா?"

தடிமன் மட்டும்தான் குறை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. பழைய முறையான பிஆர்கேயில் ஃப்ளாப்பே கிடையாது. மேல்தோலை மட்டும் வழித்துவிட்டு நேராக லேசர் கொடுப்பார்கள். அந்தத் தோல் 50 மைக்ரான் போல இருக்கும், நாலைந்து நாளில் தானே வளர்ந்துவிடும். தோலைச் செலவில் எழுதினாலும் மிச்சம் 343 வருகிறது, சதவீதம் 31. கணக்கில் பிரமாதம். அவஸ்தை வேறு இடத்தில்: முதல் மூன்று நாள் எரிச்சலும் கண்ணீரும் கூச்சமுமாகப் போகும், பேண்டேஜ் லென்ஸ் போட்டுவிடுவார்கள், தெளிவான பார்வைக்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். இவ்வளவு பவர் எடுக்கும்போது கார்னியாவில் லேசான மூட்டம் படியவும் வாய்ப்பு இருப்பதால் மைட்டோமைசின் மருந்தை ஒற்றி எடுப்பார்கள், சில மாதம் வெயிலில் கூலிங் கிளாஸ் கட்டாயம் என்பார்கள்.

ஸ்மைல் பற்றி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். இதிலும் ஃப்ளாப் இல்லை. கார்னியாவுக்குள்ளேயே லென்ஸ் வடிவில் ஒரு துண்டை லேசரால் பிரித்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் வாசல் வழியாக உருவி எடுத்துவிடுவார்கள். லாசிக்கில் 20 மில்லிமீட்டர் போல வெட்டு விழும் இடத்தில் இவ்வளவு சின்ன வெட்டு என்பது நல்ல விஷயம்தான். ஆனால் "ஃப்ளாப் இல்லை, அதனால் மெலிசான கார்னியாவுக்கு ஸ்மைல்" என்று மருத்துவமனைக் கவுன்சலர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மேலே மூடி மாதிரி 120 மைக்ரான் விடுகிறார்கள், எடுக்கும் துண்டு உங்கள் தங்கையின் பவருக்கு 130-ஐ ஒட்டி வரும். கழித்துப் பாருங்கள், 250-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மேல்படலம் வெட்டுப்படாததால் அதன் பலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் சரியாகவே இருக்கட்டும், எல்லையில் நிற்கும் ஒரு கண்ணை வைத்து அதைப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஐசிஎல். கார்னியாவைச் செதுக்காமல், ஐரிஸுக்குப் பின்னால், கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பது. லேசரே வேண்டாம். அதற்குக் கண்ணின் முன்னறையில் இடம் வேண்டும், 2.8 மில்லிமீட்டராவது ஆழம் கேட்பார்கள். கார்னியாவின் உட்பக்க செல்களையும் எண்ணிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் பின்னால் எடுத்துவிட முடியும் என்பது இதன் பெரிய பலம். கண்ணைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்பதால் தொற்று, கண் அழுத்தம், சீக்கிரமே புரை விழுவது ஆகிய பயங்கள் சின்ன அளவிலாவது உண்டு, வருடா வருடம் செக்கப்பும் உண்டு. விலையும் லாசிக்கைவிட நன்றாகவே கூடுதல். இந்த எண்களைப் பார்த்தால் உங்கள் தங்கைக்கு பிஆர்கேயா ஐசிஎல்லா என்று யோசிப்பதுதான் நியாயமாகப் படுகிறது.

இதெல்லாம் தடிமன் மட்டும் குறை என்றால். வடிவம் சரியில்லை என்று பதில் வந்தால் பேச்சே வேறு. ரிப்போர்ட்டில் வானவில் மாதிரி வண்ணப்படம் இருக்கும், பென்டகாம் என்ற கருவி எடுத்த கார்னியா மேப். நீலமும் பச்சையும் தட்டை, மஞ்சளும் சிவப்பும் மேடு. சிலிண்டர் பவர் உள்ளவருக்கு நடுவில் பம்பரக் கயிற்று முடிச்சு மாதிரி மேலும் கீழும் ஒரே அளவாக இரண்டு இதழ் வந்தால் நல்லது. கீழ் இதழ் மட்டும் பெருத்துச் சிவந்திருந்தாலோ, பின்பக்கப் பரப்பு எழும்பியிருந்தாலோ, அது கெரட்டோகோனஸ் என்ற கூம்புக் கார்னியாவின் ஆரம்பமாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்வயதில் ஆரம்பித்து முப்பதுகள் வரை வளரும் நோய் அது. அந்தக் கண்ணில் லாசிக்கோ ஸ்மைலோ செய்வது கரையான் அரித்த உத்தரத்தை இழைத்து மெலிசாக்குகிற வேலை. தங்கைக்குக் கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். அலர்ஜி இருக்கிற பிள்ளைகள் விரல் முட்டியால் கறகறவென்று தேய்ப்பார்கள், கெரட்டோகோனஸுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

லேசர் என்றதும் கண்ணைச் சுட்டுவிடுமோ என்று உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சுடாது. எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் புறஊதா ஒளி. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, திசுவை இழை இழையாக ஆவியாக்கிவிடுகிறது, பக்கத்துத் திசுவுக்குச் சூடு போவதில்லை. இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1981 நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் எடுத்துப்போய் அதில் எக்சைமரைப் பாய்ச்சிப் பார்த்தார். கருகல் துளியும் இல்லாமல் கத்தியால் சீவின மாதிரி வெட்டு விழுந்தது. சக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். விருந்து மிச்சத்தில் ஆரம்பித்த அந்த வேலைக்கு 2013-இல் வெள்ளை மாளிகையில் மூவருக்கும் பதக்கம் கிடைத்தது. மேஜையில் படுத்திருக்கும்போது முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வரும், அது கண் எரிகிற வாடை இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முன்கூட்டி யாரும் சொல்லாததால் பாதியில் தலையைத் திருப்பப் பார்த்தவர்கள் உண்டு.

மற்றபடி மேஜையில் இருக்கும் நேரம் பெரிய விஷயமே இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப், ஒரு நிமிடம் போல அழுத்தம், பார்வை மங்கும், மினுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். அரை மணிக்குள் வெளியே வந்துவிடுவார்.

அதற்கப்புறம் வருவதைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. கார்னியாவின் நரம்புகள் வெட்டுப்படுவதால் கண் வறளும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் சரியாகும், சிலருக்கு இழுக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ லாசிக் பற்றி நடத்திய ப்ரவுல் (PROWL) ஆய்வில், முன்பு ஒளிவட்டமோ கூச்சமோ எதுவும் இல்லாதிருந்தவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதோ ஒன்று தெரிவதாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குத் தொந்தரவு என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு எண்ணையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பயமுறுத்துபவர்களும், இரண்டாவதை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இதனால்தான் முகூர்த்தத் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணி ஆபரேஷன் நாள் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. புதிதாக லேசர் செய்த, வறண்ட கண்ணோடு ஓமப்புகை முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்வதை நினைத்துப் பாருங்கள். மேக்கப்காரம்மா மையும் ஐலைனரும் தீட்ட வருவார், அதைக் கழுவ ராத்திரி கண்ணைத் தேய்க்க வேண்டிவரும். கல்யாணத்துக்கு மூன்று மாதமாவது முன்னால் முடித்திருக்க வேண்டும், பிஆர்கே என்றால் ஆறு மாதம். முடியாதென்றால் கல்யாணம் முடிந்தே செய்துகொள்ளலாம், கண் எங்கேயும் போகாது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும் என்பதால் தள்ளிப்போடச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது என் துறை இல்லை. கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்கிற வீட்டுக்குக் கண்ணைத் திருத்தி அனுப்ப வேண்டுமா என்று மட்டும் எனக்கு ஒரு எண்ணம் வரும், அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

வயது 23 என்பதால் பவர் நின்றுவிட்டதா என்பது முக்கியம். ஒரு வருடத்துக்கு முந்தைய சீட்டை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் அரை பவருக்குள் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே இருக்கும் பவரைச் செதுக்கினால் இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடிக் கடை. விழித்திரையையும் பாப்பாவை விரித்துப் பார்த்தாக வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, துணைக்குப் போங்கள். மைனஸ் 6 கண் நீளமான கண், விழித்திரை ஓரங்களில் மெலிந்திருக்கும். ஓட்டை ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சுற்றி லேசர் போட்டு அடைப்பார்கள். லாசிக் செய்தாலும் கண்ணின் நீளம் குறையப் போவதில்லை. "பவர்தான் போயிடுச்சே" என்று விழித்திரைச் செக்கப்பை விட்டுவிடுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும்.

என்னையும் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்பார்கள்: "சார், நீங்க ஏன் இன்னும் கண்ணாடி போட்டிருக்கீங்க?" எனக்கு மைனஸ் 3. வயது நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்த பிறகு என் நண்பர்களெல்லாம் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கிறேன். லாசிக் செய்தவருக்கும் வெள்ளெழுத்து கட்டாயம் வரும். உங்கள் தங்கைக்கு அதற்கு இன்னும் பதினேழு, பதினெட்டு வருடம் இருக்கிறது, இப்போது பெரிதாகத் தெரியாது.

பணத்துக்கு இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குகளில் 7.5 டயாப்டருக்கு, அதாவது 7.5 பவருக்கு, குறைந்த பார்வைக் குறைக்குத் திருத்தச் சிகிச்சைச் செலவு கிடையாது என்றே இருக்கிறது; சிலிண்டரைச் சேர்க்காமல் பார்த்தால் உங்கள் தங்கையின் மைனஸ் 6.25 அதற்குக் கீழே. வீட்டில் வேறு யாராவது ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தால், லாசிக் செய்தவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்பதையும் காதில் போட்டுவையுங்கள். தங்கை செய்துகொள்ளும் நாளன்று அண்ணன் நானும் என்று நாற்காலியில் ஏறி உட்கார்கிற வீடுகள் உண்டு.

எந்தச் சிகிச்சையானாலும், ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டை ஃபைல் போட்டு வையுங்கள். அறுபது வயதில் புரை ஆபரேஷன் வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்தப் பழைய எண்கள் உதவும். மெலிந்த கார்னியாவில் கண் அழுத்தமும் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே பின்னாளில் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசர் செய்த கண் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. தங்கை காண்டாக்ட் லென்ஸ் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சில வருடம் முன்னால் ஒரு பையன் வந்தான். லென்ஸ் நிறுத்தி இரண்டு வாரம் ஆச்சு என்றான். மேப்பில் கீழ்ப்பக்கம் சிவந்து கிடந்தது, கெரட்டோகோனஸ் என்று எழுதிவிடலாம் போல. தாடையை மேடையில் வைத்திருந்தவனிடம், "நிஜமாச் சொல்லு தம்பி" என்றேன். நேற்று சாயங்காலம்தான் கழற்றினானாம்; கண்ணாடியோடு ஆபீஸ் போக வெட்கமாம். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன். மேப் சமச்சீராக வந்தது, தடிமனும் பவரும் கூட மாறியிருந்தன. லென்ஸ் கார்னியாவை அழுத்தி வைக்கும், ஊதவும் வைக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றால் இரண்டு வாரமாவது, ஹார்டு லென்ஸ் என்றால் நாலு வாரமாவது கழற்றி வைத்துவிட்டு எடுத்த மேப்தான் மேப். உங்கள் தங்கை லென்ஸ் போடுகிறவராக இருந்து, அதை நிறுத்தாமல் போயிருந்தால், இரண்டு ரிப்போர்ட்டிலும் இருக்கும் அந்த 498-ஐயே நான் நம்பமாட்டேன். கேட்டு எழுதுங்கள்.